முதுகுகாட்டி மேடு

டொக்… டொக்… டொக்…

அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டதாம். விடியக்காலைப் பனியில் ஒரு பொருளும் கண்ணுக்குத் தெரியவில்லை. கொங்சிப் பக்கமிருந்து சுத்தியல் அடி மட்டும் வந்தது. ஒரு அடி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு அடி. வண்டிக்கார லயத்து வரிசை வீடுகளில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்களாம். செத்துப்போய் மூன்று நாளாக வீட்டுக்குள் வைத்திருந்த, ஈயக்குழி முதலாளி தவுக்கேயின் அம்மாவுக்குப் பெட்டியை மூடி ஆணி அடிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

இது நடந்தது பேராக்கில், ஒன்பதாங்கட்டையில். ரயில் வந்த புதுசு. ரோடெல்லாம் செம்மண். ஈயக்குழியில் மண் வெட்டுகிறவர்கள் சீனர்கள். அவர்கள் சேர்ந்து தங்குகிற பெரிய கொட்டகைக்குத்தான் கொங்சி என்று பேர். அந்த ஈயத்தை ரயிலடிக்கு ஏற்றிப் போகிற மாட்டுவண்டிக்காரர்கள் தமிழர்கள். நடுவில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தாண்டை ஒரு மேடு. மேடு முழுக்க ஆள் உயர லாலான் புல், அதன் உச்சியில் சீனர் மயானம். அந்தப் புல்லுக்குள் நிஜமாகவே ஒரு புலி இருந்தது. ஆடு போகும், நாய் போகும், ஒரு தடவை ஆளும் போனான். அதன் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “பெரியவர்” என்பார்கள். “பெரியவர் நேத்து ஓடைக்கு வந்திருந்தாராம்” என்று ஒருத்தன் சொன்னால் போதும், அன்றைக்கு ஒருத்தியும் துணி துவைக்கப் போக மாட்டாள்.

அந்த லயத்தில் செங்கோடன், செங்கோடன் என்று ஒருவன் இருந்தான். சேலத்துப் பக்கத்து ஆள். அவன் பெண்டாட்டி பேர் பெருமாயி. ரெண்டு வயசில் ஒரு பெண் குழந்தை. செங்கோடன் மாடுகள்தான் ஊரிலேயே திடமான மாடுகள். சீனர் பெட்டி என்றால் சும்மா இல்லை, முழு மரத்தைப் பிளந்து செய்தது, யானைக்குட்டி கனம் கனக்கும். அதனால் பெட்டி ஏற்ற வேண்டுமென்றால் செங்கோடன் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் பதினோரு பெட்டி ஏற்றியிருந்தான். பன்னிரண்டாவது, இந்தக் கிழவி.

இப்போது கிராணி கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இது விளங்காது.

கிராணி பேர் தில்லைநாயகம். ஈய மூட்டைக் கணக்கு எழுதுகிறவர், கண்ணாடி போட்டவர், தனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது என்று நினைக்கிறவர். அவருக்கும் ஹோ சின்செக்கும் சாயங்காலமானால் தேத்தண்ணிக் கடையில் பேச்சு. ஹோ சின்செ என்பவர் சீனர்களுக்கு மருந்து கொடுப்பார், நாள் பார்ப்பார், சாவு வீட்டில் மணியடித்து மந்திரம் சொல்வார். அவர்தான் ஒரு நாள் சொன்னாராம்: எங்களுக்குப் பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு மிருகம். எலி, மாடு, புலி, முயல், பறக்கிற நாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. இந்தப் பன்னிரண்டும் அஞ்சு தடவை சுற்றினால் அறுபது. அறுபதோடு ஒரு வட்டம் முடியும்.

கிராணி தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தாராம். “அட, எங்களுக்கும் அறுபதுதானேய்யா! பிரபவ, விபவ, சுக்ல… நீ முயல்னு சொல்ற வருசம் எங்களுக்குப் பிரபவ. அறுபது வருசம் கழிச்சு மறுபடி பிரபவ வந்தா அதுவும் முயல்தான்! மாறவே மாறாது!”

அன்றைக்கே ஒரு பலகையில் அறுபது வருஷப் பேரையும் எழுதி, பக்கத்தில் மிருகத்தையும் எழுதி, வண்டிக் கொட்டகையில் மாட்டிவிட்டார். லயமே கூடிவிட்டது. யுவ வருஷத்தில் பிறந்த வண்டிக்காரன் காத்தான் பன்றியாகிவிட்டான். அவன் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாளாம். “இத நான் கண்ணாலம் பண்ணின மறுநாளே சொல்லிப்புட்டனே! பலகை எதுக்கு?” கிராணி தனக்கு நாகம் என்று மீசையைத் தடவிக்கொண்டார். செங்கோடன் பஞ்சத்தில் பிறந்தவன். ஈஸ்வர வருஷம் என்று அவன் அம்மா சொல்லியிருந்தாள். பலகையில் ஈஸ்வரவுக்கு நேரே மாடு.

“பாத்தியா புள்ள, மாட்டோட மாடா இருன்னு தலையில எழுதிப்புட்டான்” என்று பெருமாயியிடம் சொன்னான். “நீ என்ன?”

“எனக்கேது வருசம்?” என்றாள் பெருமாயி.

சரி. பெட்டியை மூடி ஆணி அடித்தாயிற்று. செங்கோடன் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனான். முன்னால் தாளம், பின்னால் அழுகை, நடுவில் பெட்டி. புல்லுக்குள் இருக்கிறவர் ஒதுங்கிப் போகட்டும் என்று தாளத்தை ஓங்கி அடித்துக்கொண்டே மேடு ஏறினார்கள். முந்தின ராத்திரி மழை. குழியின் வாய் வழுக்குகிறது. பெட்டியை இறக்குகிற கயிற்றுக்கு எட்டு ஆள் வேண்டும், ஏழு பேர்தான் தேறினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் காய்ச்சல்.

“செங்கோடா, ஒரு கை பிடிப்பா” என்றார் தவுக்கே.

இதற்கு முன் பதினோரு தடவையும் அவன் வண்டியடியில்தான் நின்றான். குழிப்பக்கம் போனதே இல்லை. தவுக்கேயே கேட்கிறார், எப்படி மாட்டேன் என்பது? தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான்.

ஹோ சின்செ மணியை அடித்தார். பெட்டி இறங்குகிறதுக்கு முந்தி அவர் ஒன்று கூவுவார். அன்றைய நாளுக்கு எந்த மிருகம் பகையோ அந்த மிருக வருஷத்தில் பிறந்தவர்கள் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மண் மூடுகிறவரைக்கும் குழியைப் பார்க்கக் கூடாது, நிழலும் குழிக்குள் விழக் கூடாது. விழுந்தால் பெட்டியோடு நிழலும் போய்விடும். நிழல் போனால் ஏழாம் நாளுக்குள் ஆளும் போய்விடுவான். அது அவர்கள் கணக்கு.

“இன்னைக்குக் குரங்கு நாள்! புலியெல்லாம் திரும்பு! புலியெல்லாம் திரும்பு!”

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சடாரென்று திரும்பி நின்றார்கள். தவுக்கேயின் சொந்த மகனே திரும்பி நின்றான், பாட்டி பெட்டி இறங்குகிறதைப் பார்க்காமல். செங்கோடன் திரும்பவில்லை. அவன்தான் மாடாச்சே. காலை வெயில் அவன் முதுகில் அடித்தது. கயிறு நழுவ நழுவ, பெட்டியின் மூடி மேல் தன் நிழல் படுத்துக்கொண்டே கீழே போகிறதை அவன் பார்த்தானாம்.

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னான். “தலை, தோளு, முண்டாசு இல்லாத மண்டை, அத்தனையும் கெழவி மேல படுத்துக்கிட்டுப் போச்சு புள்ள.”

பெருமாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அவனுக்கு நடுக்கம் கண்டது. ரெண்டு சாக்கு, மூணு சாக்கு போர்த்தியும் பல் கிட்டியது. சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவன் வெயிலில் நடந்து கொல்லைக்குப் போனான். திரும்பி வந்து வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

“புள்ள. எனக்கு நெழலு விழுகுதான்னு பாரு.”

“விழுகாம எங்க போகும்?”

“பாரு.”

பார்த்தாள். விழத்தான் செய்தது. வெளுத்த துணி மாதிரி ஒரு நிழல். மேகம் வந்திருக்கும் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேகம் இல்லை என்று சொல்வார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சாம் சோ என்ற சீனத்தி கீரைத் தோட்டம் போட்டிருந்தாள். பெருமாயிக்குப் பிரசவம் பார்த்தவளே அவள்தான். தமிழும் பேசுவாள், தண்ணி ஊத்தின தமிழ். பெருமாயி போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

“உன் புருசன் என்ன மிருகம்?” என்று கேட்டாள் சாம் சோ.

“மாடு. கிராணி பலகையில இருக்கு. ஈஸ்வர வருசம்.”

“மாசம்?”

“மாசி. மாசி மகத்துக்கு மூணாம் நாளுன்னு எங்க மாமியா சொல்லும்.”

சாம் சோ கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஒரு தடவை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

“உங்க வருசப் பொறப்பு எப்போ?”

“சித்திரை ஒண்ணு.”

“எங்களுது அதுக்கு ரெண்டு மாசம் முந்தி. நீங்க மாசியில நிக்கும்போது நாங்க அடுத்த வருசத்துக்குப் போயாச்சு. உன் புருசன் பொறந்தப்போ மாடு போயாச்சு, பெருமாயி. மாட்டுக்கு அப்புறம் யாரு வருவா?”

சாம் சோ அந்த மிருகத்தின் பேரை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேட்டுப் பக்கம் தாடையை மட்டும் காட்டினாள்.

பெருமாயி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கிராணியிடம் போனாள். கேட்டதும் கிராணி சத்தம் போட்டுச் சிரித்தாராம். “ரெண்டு மாசத்துக்கு என்னம்மா வந்துச்சு? சூரியன் ஒண்ணு, சந்திரன் ஒண்ணு, கணக்கு ஒண்ணு. நான் போட்ட கணக்குல…” சொல்லிக்கொண்டே தானும் விரலை மடக்கினார். மடக்கின விரல் மடக்கினபடி நின்றுவிட்டது. அவர் பங்குனியில் பிறந்தவர். நாகம் போய்ப் பாம்பாகியிருந்தார். எழுந்து போய்ப் பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாராம்.

அந்தச் சேதியைப் பெருமாயி புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏழு நாள் தாங்காது, அன்றைக்கே போய்விடுவான் என்று பயம். ஆனால் அஞ்சாம் நாள் அவனே சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு, “பொட்டிக்குள்ள இருட்டா இருக்குது புள்ள” என்றானாம்.

பெருமாயி எழுந்தாள். ஓடையைத் தாண்டி ஓடினாள். ஹோ சின்செ வீட்டு வாசலில் விழுந்தாள்.

சின்செ கெட்டவர் இல்லை. தான்தான் கூவினோம், திரும்பாதவனைக் கவனிக்கவில்லையே என்று அவருக்கும் மனசு குத்தியது. புத்தகத்தைப் புரட்டினார். “நாளை மறுநாள் ஏழாம் நாள். அன்னைக்குக் கிழவி வீட்டைப் பார்த்துட்டுப் போக வருவா. போகும்போது பிடிச்ச நிழலைக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுவா. அதுக்குள்ள எடுக்கணும். நாளைக்கு உச்சி வேளை. இந்த மாசம் உச்சியில சூரியன் நேரே தலைக்கு மேல நிக்கும், ஒருத்தர் நிழலும் தரையில விழாது. அப்போ வெளியே ஒருத்தர் காலடியிலும் நிழல் இல்லாததாலே, குழிக்குள்ளே மாட்டின நிழல் இடம் தேடி வெளியே வரும். அவன் போட்டுக் கழட்டின சட்டையைக் கொண்டுபோய்க் கூப்பிடணும். ஒரே சட்டியில சாப்பிடுறவங்கதான் கூப்பிடலாம். வேற ஆள் போய்ப் பிரயோசனம் இல்லை.”

“நான் போறேன்.”

“நீ என்ன மிருகம்?”

“தெரியாது.”

“வருசம்?”

“பஞ்சம்.”

“எந்த வருசத்துப் பஞ்சம்?”

“பஞ்சத்துக்கு ஏதுங்க வருசம்? கஞ்சித்தொட்டி ஓரத்துல கெடந்தேனாம். யாரோ தூக்கியாந்தாங்க. அம்மா யாருன்னு தெரியாது. தவழுற வயசுன்னு மட்டும் சொல்லுவாங்க.”

சின்செ விரலை மடக்கினார். பஞ்சம் மூன்று வருஷம் பிடித்தது. தாது, ஈஸ்வர, வெகுதான்ய. எலி, மாடு, புலி. மூன்றில் ஒன்று. அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

“போகாதே. குரங்கு நாள்ல மூடின குழி, நிழலைக் கூப்பிட்டா மறுபடி வாய் திறக்கும். நீயும் புலியா இருந்தா, ரெண்டு பேரும் உள்ளே போயிடுவீங்க. அந்தக் குழந்தைக்கு யாரு?”

பெருமாயி அழவில்லையாம். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

“முதுகைக் காட்டினவங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லை.”

“புலியா இருந்தாலும்?”

“முதுகைக் காட்டிட்டா ஒண்ணும் இல்லை.”

“மேட்டடியில இருந்தே அந்தக் குழியோட செவப்பு மண்ணு கண்ணுக்குத் தெரியுது. அப்ப அடியில இருந்தே முதுகைக் காட்டிக்கிட்டுப் போறேன்.”

“மேடு முழுக்கப் பின்னாலேயே நடக்கப் போறியா?”

“ஆமா.”

சின்செ அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒன்று அவர் புத்தகத்தில் இல்லை. ஆனால் கூடாது என்றும் இல்லை. “சரி. குழிக்கு அண்டையில போனதும் சட்டையை உயர்த்திப் பிடிச்சு மூணு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடு. கூப்பிட்டுட்டு நேரே கீழே இறங்கு. பின்னாலேருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பாதே, பதில் சொல்லாதே.”

“பேரையா?” என்றாள் பெருமாயி.

“பேரைத்தான்.”

“அவரு பேரையா?”

“வேற யார் பேரை? சாதாரணமா எப்படிக் கூப்பிடுவே?”

“ஏனுங்கன்னு.”

“ஏனுங்கன்னு கூப்பிட்டா அந்த மேட்டுல கிடக்கிற அத்தனை பொணமும் எந்திரிச்சு வரும்!” என்றாராம் சின்செ.

கட்டின நாளிலிருந்து அவள் புருஷன் பேரை வாயால் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால் குழந்தையைக் காட்டி “இவ அப்பன்” என்பாள். சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் ஆயுசே இல்லை.

ஆறாம் நாள். குழந்தையைச் சாம் சோவிடம் விட்டாள். செங்கோடன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். கூப்பிட்டதற்கு உம் என்றுகூடச் சொல்லவில்லை. வேர்வை நாற்றம் அடிக்கிற அவன் சட்டையை மடியில் செருகிக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். காத்தானும் இன்னும் ரெண்டு பேரும் மேட்டடி வரைக்கும் தாளத்தோடு வந்தார்கள். சின்செ தாளத்தைத் தடுத்துவிட்டார். சத்தம் போட்டால் நிழல் மிரளும் என்றார்.

பெருமாயி மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஊரும் கொங்சியும் ஓடையும் முகத்துக்கு நேரே தெரிந்தன. ஒரு காலைப் பின்னால் வைத்தாள். அடுத்த காலை வைத்தாள்.

குதிகாலால் வழியைத் தடவித் தடவி ஏறினாள். ரெண்டு பக்கமும் லாலான் கையை அறுத்தது. கல் தட்டியது, விழுந்தாள், எழுந்தாள், திரும்பவில்லை. ஏற ஏறக் கீழே நின்ற ஆட்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். ஒரு வளைவு வந்தது. அதற்கப்புறம் ஒருத்தரும் தெரியவில்லை. அவள் மிதித்து வந்த பாதை மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

பாதிதான் வந்திருப்பாள். பூச்சிச் சத்தம் நின்றது.

காற்று இல்லை. ஆனால் பாதையின் இடது பக்கத்துப் புல் அசைந்தது. அசைந்த புல் விலகியது. விலகின புல்லிலிருந்து ஒரு தலை வந்தது. அப்புறம் தோள். அப்புறம் நீளமாக, அவசரமே இல்லாமல், முழு உடம்பும் பாதைக்கு வந்து நின்றது.

பெரியவர்.

அவள் வந்த வழியில், அவளைப் பார்த்தபடி. பதினஞ்சு அடிகூட இருக்காதாம். அதற்குக் கொஞ்சம் குழப்பம் என்று சொல்வார்கள். மனுஷர் போகிற திசைக்குப் பின்னால் வந்து முதுகில் பாய்கிறதுதான் அதன் வழக்கம். இந்த மனுஷியோ மேலே போகிறாள், முகம் மட்டும் கீழே பார்க்கிறது. பின்னால் வந்தால் கண்ணுக்கு நேரே வருகிறது. பாய்வதற்கு முதுகைக் காணோம்.

பெருமாயிக்கு மூத்திரம் காலோடு போயிற்று. நின்றாள். அது நின்றது. ஒரு அடி பின்னால் வைத்தாள். அது ஒரு அடி முன்னால் வைத்தது. புலிக்கு முதுகைக் காட்டக் கூடாது. குழிக்கு முகத்தைக் காட்டக் கூடாது. ரெண்டுக்கும் சேர்த்து அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதுவும் பின்பக்கமாக. கண்ணைச் சிமிட்டாமல் ஏறினாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. அவளும் ஏற, அதுவும் ஏற, அவளும் ஏற, அதுவும் ஏற, மேட்டு உச்சிக்கு ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

குதிகாலில் ஈர மண் பட்டது. புது மண். சில்லென்று இருந்தது.

காலடியைப் பார்த்தாள். நிழல் இல்லை. சூரியன் உச்சந்தலையில் நின்றது. புலி முன்னங்காலை நீட்டி, பாதையில் படுத்துக்கொண்டு, அவளைப் பார்த்தது. அதற்கும் நிழல் இல்லை.

சட்டையை உயர்த்தினாள். வாயைத் திறந்தாள்.

“ஏனுங்க…”

பழக்கதோஷம், வந்துவிட்டது. சொன்ன அந்த நிமிஷம் அவளுக்குப் பின்னால், மேடு முழுக்க, புல் சரசரவென்று படுத்து எழுந்ததாம். ஈர மண்ணில் அவள் குதிகால் ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது. பெருமாயி உதட்டைக் கடித்தாள். ரத்தம் கசிந்தது. பல்லை இறுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, புலியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“செங்கோடா! வீட்டுக்கு வா!”

புலியின் காது அசைந்தது.

“செங்கோடா! வீட்டுக்கு வா!”

புலி எழுந்து நின்றது.

“செங்கோடா! உம்மவ தேடுறா, வீட்டுக்கு வாடா!”

புலி அவளை ஒரு தடவை பார்த்தது. வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. வந்த பாதையிலேயே கீழே இறங்கத் தொடங்கியது, வீட்டு மாடு போகிற மாதிரி.

அவளுக்கும் அதே பாதைதான். வேறு பாதை கிடையாது. அதன் பின்னாலேயே அவளும் இறங்கினாள். அப்போதுதான் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

“பெருமாயீ…”

கிழவியின் குரல் இல்லை. சீனக் குரலும் இல்லை. சேலத்துப் பேச்சு. அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று பெருமாயிக்குத் தெரியாது, கேட்டதே இல்லை. ஆனாலும் அது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஏ கண்ணு, பெருமாயீ. நில்லு. நீ எந்த வருசம் பொறந்தே, எந்த மாசம் பொறந்தே, சொல்லிப்புடறேன். ஒரே ஒரு தரம் திரும்பு. மொகத்தைப் பாத்துக்கிறேன்.”

அவள் கால் அங்கே நின்றதாம். முன்னால் புலியும் நின்றதாம், காத்திருக்கிற மாதிரி. அப்புறம் அவள் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திரும்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. அந்தக் குரல் வளைவு வரைக்கும் வந்ததாம். “கண்ணு… கண்ணு…” என்று வந்து, வளைவோடு நின்றுவிட்டது.

மேட்டடிக்குப் பத்தடி இருக்கும்போது புலி லாலானுக்குள் நுழைந்தது. புல் ஒரு கோடாகப் பிளந்து மூடிக்கொண்டது. கீழே நின்றவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள், புலியை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆனால் ஈரத்தில் பாதம் பதிந்திருந்தது. ஏறின தடத்தைக் காத்தான் விரலை விரித்து அளந்து பார்த்தான். புலியின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பெருமாயியின் பாதம், விரல்களெல்லாம் புலியைப் பார்த்தபடி.

“அது அவன் நிழலைத் தூக்கிக்கிட்டு வர வந்த மிருகம், அவனோட வருசத்து மிருகம்” என்றார் ஹோ சின்செ.

“அது பசிச்ச மிருகம்” என்றான் காத்தான். “இவ கத்தின கத்துல பசியே போயிருக்கும்.”

ரெண்டில் எது என்று இன்றைக்கும் தீரவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது செங்கோடன் எழுந்து உட்கார்ந்திருந்தான். சாக்கெல்லாம் வேர்வையில் நனைந்து கிடந்தது. தண்ணி கேட்டான். ஒரு செம்பு குடித்தான், மறு செம்பும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“யாரு புள்ள அது, எம்பேரச் சொல்லிக் கூப்புட்டது? பொம்பளக் குரலா இருந்துச்சு. டா போட்டுக் கூப்புட்டா.”

“யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கொடியில் போட்டாள் பெருமாயி.

அன்றிலிருந்து அந்த மேட்டுக்கு முதுகுகாட்டி மேடு என்று பேர். சீனர்களும் அவர்கள் பாஷையில் அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது அங்கே ஒரு ஓரம் தமிழர்களுக்கும் உண்டு. பெட்டி இறங்குவதற்கு முந்தி மணியடிக்கிறவர் மிருகத்தின் பேரைக் கூவுவார். அவர் கூவி முடித்ததும், கூட்டத்திலிருந்து ஒரு தமிழ்க்குரல் எழும்பும். “தை, மாசி, பங்குனி திரும்பு! வருசம் தெரியாதவங்க திரும்பு!” சந்தேகத்தில் இருக்கிற அத்தனை பேரும் முதுகைக் காட்டுவார்கள். அவர்களை ஒருத்தரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்த மேட்டில் நிற்கும்போது பெண்டாட்டி புருஷன் பேரைச் சொன்னால் குற்றமும் இல்லை. மற்ற இடத்தில் “இவங்க அப்பா” என்கிற கிழவிகள்கூட அங்கே போனால் வாய்நிறையப் பேர் சொல்லி அழுவார்கள்.

செங்கோடன் அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் இருந்தான். பேரப்பிள்ளை பார்த்தான். பெருமாயிக்கு என்ன மிருகம் என்று கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. சின்செ ஒரு தடவை கையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாளாம்.

ஆனால் அந்த ஆறாம் நாள், அவன் தண்ணி குடித்துவிட்டு மறுபடி படுத்துத் தூங்கினானே, அதற்கப்புறம் அவள் என்ன செய்தாள் என்று கேட்பார்கள். என்ன செய்வாள்? மாடுகள் ரெண்டும் காலையிலிருந்து தண்ணி காட்டாமல் நின்றன. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கயிற்றை விட்டாள். இறைத்தாள்.